அந்த ஜாடியைக் கவிழ்த்துப் பாருங்கள்

என் பழைய மாணவ மாணவியருக்கும், குடும்ப க்ரூப்பில் காலை வணக்கப் படத்தோடு நிறுத்திக்கொள்ளும் சொந்தபந்தங்களுக்கும் வணக்கம்.

நீளமாகத்தான் எழுதப் போகிறேன். முப்பத்து நான்கு வருஷம் வேதியியல் பாடம் நடத்திய வாய், நாலு வரியில் அடங்காது. பாதியில் எழுந்து போகிறவர்கள் போகலாம், வருகைப்பதிவு எடுக்க மாட்டேன். ஆனால் என் அண்ணன் பிள்ளைகள் மட்டும் கடைசி வரி வரைக்கும் படிக்க வேண்டும். உங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது, அதைக் கடைசியில்தான் கேட்பேன்.

மார்கழிக் கடைசியில் ஊரில் எங்கள் பூர்வீக வீட்டை இடித்தார்கள். இடித்தது தப்பு என்று சொல்ல வரவில்லை. ஓடு சரிந்து, பின்கட்டில் கரையான் ஏறி, நாலு பங்காளிகளில் ஒருவரும் குடியிருக்காத வீடு. இடிப்பதற்கு முன்னால் பழைய சாமான் வாங்குகிற ஒருவர் வந்து பார்த்திருக்கிறார். ஸ்வீடன் முத்திரை போட்ட எனாமல் தூக்கை எடுத்துக்கொண்டார். அடியில் இங்கிலாந்து என்று அச்சிட்ட நீலப் பூப்போட்ட தட்டுகள் ஆறையும் எடுத்துக்கொண்டார். அடுக்களைப் பரணில் ஊறுகாய் ஜாடிகள் ஒன்பது இருந்தன. ஒவ்வொன்றாக இறக்கிக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "இது இந்தியாதான் சார், போகாது" என்று அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டாராம். நம் பிள்ளைகளும் அப்படியே விட்டுவிட்டார்கள். மறுநாள் ஜேசிபி வந்தது.

நான் போய்ச் சேர்ந்தது அதற்கும் அடுத்த நாள். செங்கல் குவியலுக்கு நடுவில் ஒரு ஜாடியின் அடிப்பாகம் மட்டும், கையகலத்துக்கு, வட்டமாகக் கிடைத்தது. முந்தானையால் மண்ணைத் துடைத்தேன். ஆங்கில எழுத்தில் பாதி முத்திரை. 'பாட்டரி ஒர்க்ஸ்' என்று ஒரு வளைவு, அதற்குக் கீழே 'மோர்வி'. மிச்சம் உடைந்துபோயிருந்தது. அந்தத் துண்டை இப்போது மேஜையில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

எனக்கு அந்த வியாபாரி மேல் கோபமே இல்லை. எது போகும், எது போகாது என்று அவருக்குத் தெரியும். அதைத் தீர்மானிப்பது வாங்குகிறவர்கள். வாங்குகிறவர்கள் யார்? நீங்கள்தான். என்னிடம் படித்து, நல்ல சம்பளம் வாங்கி, புது வீடு கட்டி, முன்ஹாலில் 'வின்டேஜ்' அலமாரி வைத்திருக்கிற நீங்கள்.

போன வருஷம் மதுரையில் ஒரு பையன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போனேன். 1994 பேட்ச். பெயர் சொல்ல மாட்டேன், அவனே கமெண்டில் வந்து மாட்டிக்கொள்வான். வரவேற்பறையில் இடுப்புயரத்துக்கு ஒரு ஜாடி. மேல்பாதி காப்பிக்கொட்டை நிறம், கீழ்ப்பாதி மோர் நிறம். "பர்மா ஜாடி டீச்சர், செட்டிநாட்டு வீட்டிலிருந்து வந்தது, பதினாலாயிரம்" என்றான். எனக்குச் சந்தேகம். பர்மாவிலிருந்து நகரத்தார் கொண்டுவந்த ஜாடிகளைப் பார்த்திருக்கிறேன். கறுப்போ கரும்பழுப்போ மெருகு, தோளில் காது, பானை வயிறு. இது அந்த ஜாதியே இல்லை. "சாய்டா பார்ப்போம்" என்றேன். இரண்டு பேர் பிடித்துச் சாய்த்தார்கள். அடியில் ஆங்கிலத்தில் கம்பெனி பெயர், 'மேட் இன் இந்தியா'. பையன் முகம் செத்துப்போயிற்று. "ஏமாந்துட்டேன் டீச்சர்" என்றான்.

எதில் ஏமாந்தான்? ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் இருந்த அதே ஜாடி. அதே மெருகு, அதே உயரம். விருந்தாளிகள் எல்லாரும் தொட்டுப் பார்த்து 'ஆகா' என்ற அதே வயிறு. மாறினது ஒரே ஒரு சொல். இந்தியா என்று தெரிந்ததும் அவன் கண்ணுக்கே அது பாதி விலைக்கு இறங்கிவிட்டது. நான் சண்டைக்கு வந்திருப்பது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

அந்த ஜாடி என்னவென்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பாடம் நடத்தாமல் என்னால் முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மண்பானையில் தண்ணீர் கசிகிறது, அதனால்தான் குளிர்கிறது. துளை உள்ள மண். அதில் ஊறுகாய் போட்டால் உப்பும் எண்ணெயும் வெளியே பூக்கும். பித்தளையில் போட்டால் புளிப்பு உலோகத்தைத் தின்று களிம்பு ஏறும், ஈயம் பூச வேண்டும். ஊறுகாய் ஜாடியின் மண்ணைச் சுமார் 1,200 டிகிரி செல்சியஸுக்குச் சுடுகிறார்கள். அந்தச் சூட்டில் மண்ணுக்குள்ளேயே ஒரு பகுதி உருகி, கண்ணாடி மாதிரி துளைகளை அடைத்துவிடுகிறது. அப்புறம் உப்பு, புளிப்பு, மிளகாய் எதுவும் அதை ஒன்றும் செய்யாது. தொழிற்சாலைகளில் அமிலம் வைக்கவும் இதே குலத்து ஜாடியைத்தான் பயன்படுத்தினார்கள். ஆவக்காய்க்கும் அமிலத்துக்கும் ஒரே பாத்திரம் என்று வகுப்பில் சொன்னால் கடைசி பெஞ்சு வரைக்கும் சிரிப்பார்கள். ஆனால் அது உண்மை.

பழைய முறையில் சூளை உச்சச் சூட்டில் இருக்கும்போது உள்ளே சமையல் உப்பை அள்ளி வீசுவார்கள். உப்பிலுள்ள சோடியம் மண்ணிலுள்ள சிலிக்காவோடு சேர்ந்து பளபளப்பான மெருகாகும். தொட்டால் ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளிபுள்ளியாக இருக்கும். மிச்சமாகும் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகை, சூளைக்காரர்கள் நெஞ்சுக்குள் போகும். பிற்பாடு துத்தநாகம் சேர்த்த வெள்ளை மெருகு வந்தது. காப்பி-மோர் நிற ஜாடி அந்த வகை. அந்தப் பழுப்புக்குக் காரணம் இரும்பு. ஜாடியைத் தலைகீழாகப் பிடித்து மேல்பாதியைக் கலவையில் முக்கி எடுப்பார்கள். இரண்டு நிறமும் சேருகிற கோட்டைப் பாருங்கள், பல ஜாடிகளில் கொஞ்சம் கோணலாக ஓடும். சிலவற்றில் அடிப்பக்கம் மெருகு படாமல் விரல் நுனி அளவுக்குத் திட்டு இருக்கும். பிடித்தவரின் விரல் அது. அவர் பெயர் எந்தக் கல்வெட்டிலும் கிடையாது.

இந்த மண்ணை நம் நாட்டில் ஆலை போட்டுச் சுட்ட கதை ஒன்றும் சின்னக் கதை இல்லை. சென்னையில் 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் கைக்காசு போட்டு ஓவியப் பள்ளி தொடங்கினார். இன்றைக்கு எழும்பூரில் கவின்கலைக் கல்லூரியாக இருப்பது அதுதான். இந்த மாகாணத்து மண்களை எடுத்து, எது எந்தச் சூட்டைத் தாங்கும், எதில் மெருகு ஒட்டும் என்று அங்கே சோதனை செய்தார்கள். ஓவியப் பள்ளி என்றதும் சிலையும் சித்திரமும் மட்டும் ஞாபகம் வருகிறது நமக்கு. பானையும் ஓடும் அதன் ஆரம்பக் கணக்கில் இருக்கின்றன.

அப்புறம் சுதேசி காலம். 1906-ல் தூத்துக்குடியில் வ.உ.சி. கப்பல் கம்பெனி தொடங்கினார், அதை எல்லாரும் படித்திருக்கிறீர்கள், பரீட்சையில் ஐந்து மார்க். அதே அலையில்தான் கல்கத்தாவில் பீங்கான் ஆலை எழுந்தது. காசிம்பஜார் மகாராஜா மணீந்திர சந்திர நந்தி பணம் போட்டார், ஜப்பான் போய்ப் பீங்கான் தொழில் படித்துவந்த சத்ய சுந்தர் தேவ் சூளையைக் கவனித்தார். ராஜ்மஹால் குன்றுகளிலிருந்து வெண்களிமண் வந்தது. கல்கத்தா பாட்டரி ஒர்க்ஸ் என்று இருந்தது பிறகு பெங்கால் பாட்டரீஸ் ஆயிற்று. அவர்களுடைய டீ கோப்பை உங்கள் தாத்தா குடித்த கிளப்பில் இருந்திருக்கலாம். கோப்பையைத் தூக்கி அடியைப் பார்க்க யாருக்குத் தோன்றியது? கப்பலை அந்நியன் நசுக்கினான் என்று இன்றைக்கும் பொருமுகிறோம். கோப்பை ஆலை சுதந்திர இந்தியாவில் நலிந்து மூடப்பட்டது, ஒரு பொருமலும் இல்லை.

குவாலியர் பாட்டரீஸ் சிந்தியா சமஸ்தானத்தில். பர்ன் கம்பெனி, வெள்ளைக்காரன் கம்பெனிதான், ஆனால் ராணிகஞ்சிலும் ஜபல்பூரிலும் மண் பிசைந்தது நம் ஆள். கொல்லம் பக்கம் குண்டரையில் திருவிதாங்கூர் சமஸ்தானம் வைத்த ஆலை. பெங்களூரில் மைசூர் சமஸ்தானத்து போர்சலின் ஆலை, அங்கே முக்கியமாக மின்கம்பத்து இன்சுலேட்டர். 'போஸ்ட் பீங்கான்' என்று சொல்லி நீங்கள் கல் எறிந்து உடைத்த சமாச்சாரம்தான், மறந்துவிட்டீர்களா? நம் இராணிப்பேட்டையில் 1952 முதல் பாரிவேர், அதை அலமாரியில் வைக்க முடியாது, வேறு அறையில் இருக்கிறது.

என் கையில் இருக்கிற துண்டு சொல்லும் மோர்வி, சௌராஷ்டிரத்தில். அந்தப் பக்கம் மோர்வி, வாங்கானேர், தான் என்ற ஊர்களில் ஆலை வைத்திருந்த கம்பெனி பரசுராம் பாட்டரி ஒர்க்ஸ். என் துண்டில் முன்பாதிப் பெயர் இல்லாததால் இது அவர்களுடையதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வேடிக்கை. ஆடிட்டராக இருக்கிற என் மாணவியிடம் இந்தப் பெயரைச் சொன்னேன். "தெரியுமே டீச்சர், ரீ-அசெஸ்மெண்ட் கேஸ்!" என்றாள். முடிந்துபோன வருமானவரிக் கணக்கை அதிகாரி மறுபடி எப்போது திறக்கலாம் என்று எழுபதுகளில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு, அந்தக் கம்பெனி பெயரில்தான் பாடப்புத்தகத்தில் இருக்கிறதாம். அவர்கள் ஜாடி செய்தார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. அவள் மாமியார் வீட்டுப் பரணில் அந்த ஜாடி இரண்டு இருக்கிறது, நானே பார்த்திருக்கிறேன்.

சேகரிக்கிறவர்கள் அறிவாளிகள் இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். வெளிநாட்டு முத்திரை என்றால் அவர்களுக்கு அத்துப்படி. அமெரிக்கச் சுங்கச் சட்டத்தால் 1891 வாக்கில்தான் தட்டுகளில் 'இங்கிலாந்து' என்று போடும் வழக்கம் பரவியது, அதனால் நாட்டுப் பெயர் இல்லாதது பெரும்பாலும் அதற்கு முந்தியது என்பார்கள். செக்கோஸ்லோவாகியா என்றிருந்தால் 1918-க்குப் பிந்தியது. 'ஆக்குபைட் ஜப்பான்' என்றிருந்தால் போருக்குப் பிறகு, 1952-க்குள். எல்லாம் சரி. நம் முத்திரையைப் பற்றிக் கேளுங்கள், விழிப்பார்கள்.

நமக்கும் அடையாளங்கள் உண்டு. சமஸ்தானத்துப் பெயர் போட்டு 'ஸ்டேட்' என்று இருந்தால் அநேகமாக 1948-க்கு முந்தியது, அந்த வருஷம்தான் சௌராஷ்டிர ராஜ்ஜியங்களும் குவாலியரும் இணைப்பில் போயின. அளவு பவுண்டிலோ சேரிலோ போட்டிருந்தால், கிலோவும் லிட்டரும் கட்டாயமாவதற்கு, அதாவது அறுபதுகளின் தொடக்கத்துக்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் ஐம்பதுகளின் நடுவுக்குப் பிந்தியது. இதையெல்லாம் யாராவது உட்கார்ந்து பட்டியல் போட்டிருக்கலாம். போடாததால் என்ன ஆகிறது என்றால், மங்களூர் ஓட்டை மாட்டிவைத்து '1865-ஆம் வருஷத்து ஓடு' என்று ஃபேஸ்புக்கில் போடுகிறார்கள், ஐந்நூறு லைக். பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஆலை தொடங்கிய வருஷம் 1865. அந்த எண்ணை ஒரு மார்க்காகவே ஓடுகளில் அடித்துவந்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் தொடங்கின ஃபரோக் ஆலை ஓட்டிலும் 1865 இருக்கும். கம்பெனி பிறந்த தேதியை ஓடு பிறந்த தேதியாக எழுதிக்கொள்கிறோம். என் பிறந்த வருஷத்தை என் பேத்திக்குப் போட்டால் சும்மா இருப்பாளா?

"ஆலையில் லட்சக்கணக்கில் அடித்த சாமான், இதில் என்ன கலை இருக்கிறது?" என்று கேட்பீர்கள். கேட்டார்கள், என் சம்பந்தி வீட்டிலேயே. அம்மா, உங்கள் அலமாரியில் இருக்கிற நீலப் பூத்தட்டில் ஒரு வெள்ளைக்காரன் உட்கார்ந்து தூரிகையால் வரைந்தானா? செப்புத் தகட்டிலிருந்து மெல்லிய காகிதத்தில் அச்செடுத்து, அதைத் தட்டில் ஒட்டித் தேய்த்தது. அதுவும் ஆலை, அதுவும் ஆயிரமாயிரம். இங்கிலாந்தில் ஸ்டோக் ஊர்க்காரர்கள் எங்கே சாப்பிடப் போனாலும் தட்டைத் திருப்பி அடியில் எந்த ஆலை என்று பார்ப்பார்களாம். தங்கள் ஊர்ச் சரக்கா என்று பார்க்கிற பெருமை அது. நாமும் திருப்பித்தான் பார்க்கிறோம், நம் ஊர்ச் சரக்காக இருந்துவிடக் கூடாதே என்று.

ஆக்லாந்தில் இருக்கிற 2001 பேட்ச் பெண் ஒருத்தி படங்கள் அனுப்பியிருந்தாள். நியூஸிலாந்தில் கிரவுன் லின் என்று ஒரு ஆலை, 1989-ல் மூடிவிட்டார்கள். ரயில்வே கேண்டீனுக்கு அவர்கள் செய்த கோப்பை, தடியாக, கீழே போட்டாலும் சுலபத்தில் உடையாத முரட்டுச் சாமான். அதை இன்றைக்கு ஆசையாகத் தேடி வாங்குகிறார்கள். ஆலை இருந்த நியூ லின் பகுதியிலேயே அருங்காட்சியகம், 2015-ல் திறந்தது. அந்த நாட்டு ஜனத்தொகை நம் சென்னையை விடக் குறைவு. எஸ்.ஐ.ஆர். என்று பொறித்த சாப்பாட்டு அறைக் கோப்பை ஒன்று எங்கள் வீட்டில் திருநீற்றுக் கிண்ணமாக இருந்தது. அதன் அடியில் எந்தக் கம்பெனி பெயர் இருந்தது? தினமும் காலையில் விரலை விட்டேன், ஒருநாளும் திருப்பிப் பார்க்கவில்லை.

நம் சரக்கில் குறையே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பிடி கழன்று வந்த கோப்பை, மேஜையில் ஆடுகிற சாஸர், மெருகு சுருங்கி மண் தெரிகிற தட்டு, இவையெல்லாம் நான் புழங்கியவை. அறுபது எழுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்ததால் எப்படிச் செய்தாலும் விற்கும் என்ற அலட்சியமும் சில ஆலைகளுக்கு இருந்தது. அதையும் சேர்த்துத்தான் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். கோணல் சாஸரும் ஒரு சான்று.

ஈயத்துக்குப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உயர்சூட்டில் சுட்ட ஊறுகாய் ஜாடி பொதுவாக அந்தக் கவலை இல்லாதது. பழைய கோப்பை தட்டுகளில் மெருகுக்கு மேலே பளிச்சென்று சிவப்பு, மஞ்சள் பூ வரைந்திருந்தால் அதில் புளிப்பான எதையும் வைக்காதீர்கள், ஈயமோ காட்மியமோ இறங்கலாம். அது இந்தியப் பீங்கானுக்கும் பொருந்தும், உங்கள் இங்கிலாந்துக்கும் பொருந்தும். மெருகில் மயிர்க்கோடு விட்டிருந்தால் அலமாரிக்கு அனுப்பிவிடுங்கள். சாப்பாட்டுக்கு வேண்டாம்.

"விலை ஏறட்டும் டீச்சர், ஏறினால் யாரும் உடைக்க மாட்டார்கள்" என்கிறான் மதுரைக்காரன். அதில் பாதி உண்மை இருக்கிறது. பரணில் இருந்த ஒன்பது ஜாடிக்கும் ஆளுக்கு ஐயாயிரம் கிடைக்கும் என்றிருந்தால் என் அண்ணன் பிள்ளைகள் ஜேசிபிக்கு விட்டிருக்க மாட்டார்கள். ஆனால் விலை ஏறினால் வேறொன்று நடக்கும், நடந்துகொண்டும் இருக்கிறது. ஜாடி வீட்டைவிட்டுப் போகும். போகும்போதே 'பர்மா' ஆகும். ஓட்டை போட்டு விளக்காக்குவார்கள், தங்கப் பெயிண்ட் அடிப்பார்கள். எந்த ஊர், எந்த வீடு, அதில் என்ன போட்டார்கள் என்பது வாசல்படியிலேயே உதிர்ந்துவிடும். ஆலை மூடியாகிவிட்டது. கணக்குப் புத்தகமும் விலைப்பட்டியலும் எந்தக் கறையானுக்குப் போயிற்றோ. அந்த ஆலைகளைப் பற்றி நம் பக்கத்தில் மிச்சமிருக்கிற தஸ்தாவேஜு நம் பரண்களில் கவிழ்த்து வைத்திருப்பதுதான். அதைப் பேர் மாற்றி விற்பது பத்திரத்தைத் திருத்துகிற மாதிரி.

எனக்கும் கை சுத்தமில்லை. 1987-ல் வாசலில் வந்த பிளாஸ்டிக் வியாபாரியிடம் மாமியாரின் மாவடு ஜாடியைக் கொடுத்து ஒரு சிவப்பு வாளி வாங்கினேன். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வருஷம் மாவடு போடவில்லை, அவ்வளவுதான். அடுத்த வருஷமும் போடவில்லை. எனக்கு உறைத்தது பல வருஷம் கழித்து. அந்த ஜாடியின் அடியில் என்ன எழுதியிருந்தது என்று கேட்க இப்போது ஆள் இல்லை.

அப்புறம் பள்ளிக்கூடம். ஓய்வுக்கு முந்தின வருஷம் ஆய்வகத்தில் கண்டம் செய்ய வேண்டிய சாமான் பட்டியல் போட்டேன். பீங்கான் கிண்ணம், மூசை, உடைந்த வெள்ளைத் தொட்டி என்று இருப்புப் பதிவேட்டைப் பார்த்து வரிசையாக எழுதிக் கையெழுத்தும் போட்டேன். கிண்ணங்களின் அடியில் பச்சை மையில் சின்னதாக ஒரு முத்திரை இருந்தது ஞாபகம் இருக்கிறது. படிக்கவில்லை. மூன்று தலைமுறைப் பிள்ளைகள் அதில் மயில்துத்தக் கரைசலைக் காய்ச்சிப் படிகம் எடுத்திருக்கிறார்கள். படிகத்தைப் பார்க்கச் சொன்ன நான் கிண்ணத்தைப் பார்க்கச் சொல்லவில்லை. ஆகவே இந்தத் திட்டு எனக்கும் சேர்த்துத்தான்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஐம்பது ஜாடி வாங்கி அடுக்கச் சொல்லவில்லை, ஃபிளாட்டில் மனிதர்களுக்கே இடம் இல்லை. உங்கள் வீட்டிலும் அம்மா வீட்டிலும் இருப்பதை முதலில் கவிழ்த்துப் பாருங்கள். மூடியைத் தனியே எடுத்து வைத்துவிட்டுக் கவிழுங்கள், போன வாரம் ஒருத்தி அவசரத்தில் மூடியை உடைத்துவிட்டு எனக்குப் போன் செய்து அழுகிறாள். முத்திரையை ஆசிட் போட்டுத் தேய்க்காதீர்கள், ஈரத்துணி போதும். பகலில், ஜன்னல் பக்கமாக, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி படம் எடுங்கள், மேலே ஃப்ளாஷ் அடித்தால் அழுத்திப் பதித்த எழுத்து தெரியாது. பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள். முத்திரை இல்லாவிட்டாலும் படம் வேண்டும்.

அதைவிட முக்கியம், வீட்டில் வயதான பெண்கள் யார் இருக்கிறார்களோ அவர்களிடம் இன்றைக்கே கேளுங்கள். இது யார் வாங்கியது, எந்தக் கடை, கல்யாணச் சீரா, இதில் என்ன போட்டார்கள், வேடு கட்ட எந்தத் துணி. பதிலைக் காகிதத்தில் எழுதி, தேதி போட்டு, ஜாடிக்குள்ளேயே போட்டு வையுங்கள். எங்கள் வீட்டில் பெரிய ஜாடி உப்பு நார்த்தங்காய்க்கு, அதை அம்மா மட்டும்தான் தொடுவாள், ஈரக்கையோடு கிட்டே போனால் கரண்டி பறக்கும். அது எப்படி மோர்வியிலிருந்து எங்கள் ஊருக்கு வந்தது என்று அம்மாவிடம் கேட்க எனக்கு அறுபது வருஷம் அவகாசம் இருந்தது.

மதுரைக்காரன் தன் ஜாடிக்குப் பக்கத்தில் ஒரு அட்டை வைத்திருக்கிறான், நேற்றுப் படம் வந்தது. பர்மாவை அடித்துவிட்டுக் கம்பெனி பெயரும் ஊரும் எழுதியிருக்கிறான். எழுத்துப்பிழை ஒன்று இருக்கிறது, திருத்திக்கொள்.

படங்களை என் உள்பெட்டிக்கு அனுப்புங்கள். நோட்டு ஒன்று போட்டிருக்கிறேன். இதுவரை இருபத்திரண்டு முத்திரை ஏறியிருக்கிறது, அதில் ஏழு எந்தக் கம்பெனி என்று அடையாளம் தெரியவில்லை. குஜராத்தி எழுத்து படிக்கத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கை தூக்குங்கள்.

அண்ணன் பிள்ளைகளே, இப்போது உங்கள் முறை. இடித்த மண்ணை லாரி வைத்து ஏற்றினீர்கள் அல்லவா? அதை யாருடைய மனைக்கு அடித்தார்கள் என்று ஜேசிபி தம்பியிடம் கேட்டுச் சொல்லுங்கள். அதற்கு மேல் கட்டடம் எழும்பவில்லை என்றால் வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். ஒரு மண்வெட்டியும் இரண்டு சாக்கும் எடுத்து வையுங்கள். மிச்சம் எட்டு அடிப்பாகம் இருக்க வேண்டும்.